கடலோரக் கூடாரமும் கரையின் நாட்காட்டியும்

கூடாரத்தில் இரவைக் கழிப்பது ஒரு காலத்தில் படைவீரர்க்கும் யாத்திரிகர்க்கும் நில அளவைப் பணியாளர்க்கும் நேர்ந்த சிரமமாக இருந்தது. இன்று அதே இரவு, நட்சத்திர விடுதிக்கு நிகரான கட்டணத்துடன், விடுமுறை இன்பமாக விற்கப்படுகிறது. கட்டில், மெத்தை, மின்விளக்கு, இணைந்த குளியலறை ஆகியவற்றோடு திறந்தவெளியில் அமைக்கப்படும் இத்தகைய சொகுசுக் கூடாரத் தங்கலை ‘கிளாம்பிங்’ என்று சுற்றுலாத் துறையினர் அழைக்கின்றனர். 2016இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் இடம்பெற்ற இப்பெயர் புதியதாயினும், அது குறிக்கும் பழக்கம் இங்கிலாந்தின் கடலோரச் சிற்றூர்களில் நூறாண்டுக்கு மேலான முன்வரலாறு உடையது. அப்பழக்கம் இப்போது சென்னையிலிருந்து புதுச்சேரி செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையின் விளம்பரப் பலகைகளுக்கும் வந்து சேர்ந்திருப்பதால், கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் என்று நீளும் இக்கரைக்கு அது எந்த அளவில், எந்த மாதங்களில் பொருந்தும் என்பதை ஆராய்வது பயனுடையது.

இங்கிலாந்தில் கடலோர விடுமுறை என்பது தொழிற்சாலைத் தொழிலாளியின் ஓய்வுரிமையோடு சேர்ந்து வளர்ந்தது. 1871ஆம் ஆண்டின் வங்கி விடுமுறைச் சட்டம் சில பொது விடுமுறை நாட்களைச் சட்டபூர்வமாக்கியது; 1936இல் பில்லி பட்லின் என்பவர் ஸ்கெக்னஸ் கடற்கரையில் குறைந்த கட்டண விடுமுறை முகாமைத் திறந்தார்; 1938இல் ஊதியத்துடன் கூடிய விடுப்புக்கான சட்டம் வந்தது. இதற்கு முன்பே தாமஸ் ஹைரம் ஹோல்டிங் என்ற தையற்காரர் மிதிவண்டியில் கட்டிச் செல்லத்தக்க இலேசான கூடாரங்களைத் தைத்து, 1901இல் தம்மைப் போன்ற ஆர்வலர்களைச் சேர்த்து ஒரு சங்கம் அமைத்து, 1908இல் முகாம் வாழ்வுக்கு ஒரு கையேடும் எழுதியிருந்தார். இன்று அந்நாட்டுக் கடலோர வயல்களில் நிற்கும் மணிவடிவக் கூடாரங்களும், மேய்ப்பர்கள் தங்கிய சக்கரக் குடில்களின் நகல்களும் இந்த எளிய மரபின் விலையுயர்ந்த வாரிசுகளே.

இவ்வரலாற்றில் தமிழ் வாசகர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இங்கிலாந்தின் நிலப் பயன்பாட்டு விதிகள் கூடாரத்தைப் பெரும்பாலும் நாட்கணக்கால் அளக்கின்றன. ஒருவர் தம் வயலைத் திட்ட அனுமதி பெறாமல் தற்காலிகமாக வேறு பயனுக்கு விடுவதற்கு ஆண்டில் 28 நாட்கள் என்ற வரம்பு நெடுங்காலம் நிலவியது. 2023 ஜூலையில் பொழுதுபோக்கு முகாம்களுக்கென்று 60 நாட்கள், 50 கூடாரங்கள் என்ற வரம்பு தனியே வகுக்கப்பட்டது. நாள் முடிந்தால் கூடாரம் பிரிக்கப்பட்டு வயல் மீண்டும் வயலாக வேண்டும் என்பதே இதன் பொருள். அங்கே கோடை குறுகியது, வெயில் இதமானது, கூடாரத்துக்கு ஏற்ற மாதங்கள் எவை என்பதில் ஐயமில்லை. ஆகவே நாட்கணக்கு எவருக்கும் பெரிய இடைஞ்சலாக இல்லை.

துணிச்சுவருக்குள் சொகுசு என்பது தமிழுக்குப் புதிதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றான முல்லைப்பாட்டு, போர்க்களம் சென்ற அரசனின் பாசறையை விரிவாகக் காட்டுகிறது. காட்டைத் திருத்தி, முள்வேலி இட்டு, தெருக்கள் வகுத்து அமைத்த அந்தப் பாசறையின் நடுவே, கயிற்றால் திரைகளை வளைத்து இரண்டு அறைகளாகப் பிரித்த அரசனின் பள்ளி இருந்தது; அதில் மணிவிளக்கு எரிந்தது; யவனர் வெளியே காவல் நிற்க, வாய் பேசாது உடற்சைகையால் உரைக்கும் மிலேச்சர் உள்ளே காவல் இருந்தனர். இன்றைய ‘இரண்டு அறைச் சொகுசுக் கூடாரம்’ என்ற விளம்பரத்துக்கு இதைவிடப் பழைய முன்மாதிரி தேடக் கிடைக்காது. ஆங்கிலேயர் ஆட்சியில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சுற்றிவந்த ஆட்சியர்களும் கூடாரத்திலேயே அலுவல் பார்த்தனர். ஒரு கூடாரத்தில் அதிகாரி தங்கியிருக்கும்போதே மற்றொரு தொகுதி அடுத்த ஊருக்கு முன்னதாகச் சென்று நாட்டப்படுவது வழக்கம். அரசு அலுவலகங்களில் ‘ஐயா கேம்ப் போயிருக்கிறார்’ என்னும் பேச்சு அந்தக் காலத்தின் மிச்சம். பாசறையானாலும் கேம்ப் ஆனாலும், ஒருவருடைய திறந்தவெளிச் சுகத்துக்குப் பின்னால் தண்ணீர் சுமப்பவர், விளக்கேற்றுபவர், முளை அடிப்பவர் என்று பலர் இருந்தனர் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். இன்றைய கிளாம்பிங்கும் அதற்கு விலக்கன்று.

எளிய கூரைக்கு இக்கரை அளித்த மதிப்பை மாமல்லபுரத்திலேயே காணலாம். 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் பணியான ஐந்து ரதங்களுள் மிகச் சிறியதாகிய திரௌபதி ரதம், கோபுரமோ அடுக்கு விமானமோ இன்றி, கூரை வேய்ந்த ஒரு நாட்டுப்புறக் குடிசையின் வடிவில் ஒரே பாறையில் செதுக்கப்பட்டுள்ளது. கூரையின் நான்கு மூலைகளும் கீற்றுக் கூரைக்கே உரிய வளைவோடு கீழிறங்குகின்றன. உள்ளே கொற்றவை நிற்கிறாள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியே தீர வேண்டிய கூரையைச் சிற்பி அழியாத கல்லில் வடித்திருப்பது, இங்கே குடில் தாழ்ந்த உறையுளாகக் கருதப்படவில்லை என்பதைக் காட்டுகிறது. சவுக்குக் கழி, தென்னங்கீற்று, கயிறு ஆகிய மூன்றைக் கொண்டு ஒரே பகலில் பந்தல் எழுப்பி, விழா முடிந்ததும் தடயமின்றிப் பிரித்து எடுக்கும் தொழில்நுட்பம் இவ்வட்டாரத்தில் இன்றும் உயிரோடிருக்கிறது. அப்படியிருக்க, இறக்குமதித் துணிக்கூடாரத்தை மட்டுமே ‘இயற்கையோடு இயைந்த’ உறையுளாக விளம்பரப்படுத்துவது சற்று வேடிக்கையானதே.

இக்கரையின் விடுதி வரலாறு கோவளத்தில் தொடங்குகிறது எனலாம். 18ஆம் நூற்றாண்டில் ஆஸ்டெண்ட் என்ற ஐரோப்பிய வணிக நிறுவனத்தின் தளமாக இருந்ததும், அங்கிருந்த கோட்டையை 1752இல் ராபர்ட் கிளைவ் கைப்பற்றித் தகர்த்ததுமான இம்மீனவ ஊரில், பழைய கோட்டை இருந்த இடத்தை ஒட்டி 1970களில் தாஜ் குழுமத்தின் கடற்கரை விடுதி எழுந்தது. 1984இல் மாமல்லபுரச் சின்னங்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றதும், 1990களின் இறுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலை சீராக்கப்பட்டதும், முட்டுக்காட்டிலிருந்து மாமல்லபுரம் வரை விடுதிகள் வரிசையாகப் பெருக வழிவகுத்தன. கடந்த சில ஆண்டுகளில் கோவளம் மற்றொரு முகத்தையும் பெற்றிருக்கிறது. அலைச்சறுக்கு, அதாவது பலகையின் மேல் நின்று அலையின் விளிம்பில் சறுக்கிச் செல்லும் விளையாட்டு, அங்குள்ள மீனவ இளைஞர்களின் கைக்கு வந்து, பயிற்சிப் பள்ளிகளும் சிறு தங்குமிடங்களும் தோன்றின; 2021இல் அவ்வூர்க் கடற்கரைக்கு, தூய்மை, நீரின் தரம், பாதுகாப்பு ஆகியவற்றுக்காகப் பன்னாட்டு அமைப்பு ஒன்று வழங்கும் நீலக்கொடிச் சான்று கிடைத்தது.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே இந்த விடுதி வரிசை மெலிந்துவிடுகிறது. அதற்கு ஒரு முக்கியக் காரணம் கல்பாக்கம். 1984இல் வணிக மின்னுற்பத்தியைத் தொடங்கிய சென்னை அணுமின் நிலையத்தைச் சுற்றி 5 கிலோமீட்டர் ஆரத்துக்குள் மக்கள்தொகை இயல்பான வளர்ச்சிக்கு மேல் பெருகிவிடாதபடி கட்டுப்பாடு உண்டு. நெருக்கடி நேரத்தில் எத்தனை பேரை வெளியேற்ற வேண்டியிருக்கும் என்ற கணக்கே அதன் அடிப்படை. அந்த வட்டத்துக்குள் நிலம் வாங்குவதும் கட்டுவதும் எளிதன்று என்பது அங்குள்ள ஊர்மக்களின் நெடுநாள் மனக்குறையாக இருப்பினும், சதுரங்கப்பட்டினத்துக் கடற்கரை இன்னும் கட்டடங்களால் மறைக்கப்படாமல் இருப்பதற்கும் அதுவே ஓரளவு காரணம். டச்சுக்காரரின் கோட்டையும், செதுக்கு வேலைப்பாடு மிக்க அவர்களது கல்லறைகளும் அங்கே கடலைப் பார்த்தபடி நிற்கின்றன. 1782 பிப்ரவரியில் பிரெஞ்சு, ஆங்கிலேயக் கப்பற்படைகள் மோதிக்கொண்டதும் அந்தக் கடலில்தான். கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, திருக்கழுக்குன்றம் செல்லும் பக்கம் அமைந்த அணுபுரம், அணுசக்தித் துறைப் பணியாளரின் குடியிருப்பாகும். இந்தியாவின் பல மாநிலங்களிலிருந்து வந்து குடியேறிய அவ்வூர்க் குடும்பங்களுக்குக் கடற்கரை என்பது மாலையில் போய் இருட்டுவதற்குள் திரும்பும் இடமே. இக்கரைக்கு வருவோரில் இப்படிப் போய்வருபவர்களே மிகுதி என்பதையும், இரவு தங்குபவர் சிறு பகுதியே என்பதையும் விடுதித் திட்டங்கள் மறந்துவிடுவதுண்டு.

இனிச் சட்டம். கடற்கரையில் உயர் அலைக்கோட்டிலிருந்து, அதாவது பெருமட்ட ஓதத்தின்போது நீர் ஏறி நிற்கும் எல்லையிலிருந்து, 500 மீட்டர் வரை கட்டடமின்றிக் காக்க வேண்டும் என்று 1981 நவம்பரில் பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநில முதலமைச்சர்களுக்கு எழுதினார். அதன் வழியே 1991 பிப்ரவரியில் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வெளிவந்தது. பல திருத்தங்களுக்குப் பின் வந்த 2019ஆம் ஆண்டு அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகப் பகுதிகளில் கட்டடம் கூடாத பட்டையை 50 மீட்டராகக் குறைத்து, மற்ற ஊரகப் பகுதிகளில் 200 மீட்டராக வைத்தது. குடில், கழிப்பறை, உடைமாற்றும் அறை போன்ற தற்காலிகச் சுற்றுலா வசதிகளை உயர் அலைக்கோட்டிலிருந்து 10 மீட்டர் தள்ளி அமைக்கவும் இடமளித்தது. ஆக, இங்கிலாந்து நாளால் அளப்பதை இந்தியா மீட்டரால் அளக்கிறது. ஆனால் இக்கரையின் இயல்பை நோக்கினால், மீட்டரைவிட மாதமே முதன்மையான அளவுகோலாக இருக்க வேண்டும் என்பது புலப்படும்.

இக்கரையில் ஓத ஏற்றத்தாழ்வு மிகச் சிறிது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் கால்வாயில் கடல் 14 மீட்டர் வரை ஏறியிறங்க, சோழமண்டலக் கரையில் அது ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவே. ஆகவே அமைதியான பிப்ரவரியில் உயர் அலைக்கோடு தெளிவான, நம்பத்தக்க எல்லையாகத் தோன்றும். வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கியதும் அந்த எல்லை பொருளற்றதாகிவிடுகிறது. அலை மணல்மேட்டை அரித்து, ஒரே வாரத்தில் கரையின் முகத்தை மாற்றிவிடும். சென்னையில் ஆண்டுதோறும் பெய்யும் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வது. புயல்களும் அதே காலத்தவை. 2022 டிசம்பர் 9 நள்ளிரவில் மாண்டஸ் புயல் மணிக்கு 65 முதல் 75 கிலோமீட்டர் வேகக் காற்றோடு மாமல்லபுரத்தை ஒட்டியே கரையைக் கடந்தது. மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்த அந்தக் காற்றுக்கு முன் துணிக்கூடாரம் எம்மாத்திரம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கூடாரம் நாட்டும் வேலையே இங்கு வேறுபடுகிறது. இங்கிலாந்தின் புல்வெளியில் ஒரு சாண் இரும்பு முளையை அடித்தால் மண் இறுகப் பற்றிக்கொள்ளும். கடற்கரை மணலில் அதே முளை இரண்டு இழுப்பில் கையோடு வந்துவிடும். ஆகவே சாக்கில் மணலை நிரப்பி, அதன் கழுத்தில் கயிற்றைக் கட்டி, இரண்டடி ஆழத்தில் கிடைமட்டமாகப் புதைத்து, மேலே மணலை மிதித்து இறுக்க வேண்டும்; காற்று கயிற்றை இழுக்க இழுக்க, சாக்கின் மேலுள்ள மணலின் பாரமே அதைத் தடுக்கிறது. துணியின் கயிற்றுத் துளைகளில் பதித்த உலோக வளையங்களை உப்புக்காற்று விரைவில் அரித்துவிடும். ஈரப்பதம் மிகுந்த நாட்களில் தடித்த பருத்தித் துணியின் மடிப்புகளில் கரும்புள்ளிகளாகப் பூசணம் பூக்கும். இந்தச் செலவுகளைத் தவிர்க்க, பல இடங்களில் ‘கூடாரம்’ என்ற பெயரில் சிமெண்டுத் தளம் போட்டு, இரும்புச் சட்டம் நட்டு, அதன்மேல் துணியைப் போர்த்தி ஆண்டு முழுவதும் நிறுத்திவைக்கும் வழக்கம் உண்டாகிறது. அவ்வாறு நிற்பது துணி போர்த்திய கட்டடமே. பிரித்து எடுக்க முடியாத ஒன்றுக்குக் கூடாரத்துக்குரிய சட்டச் சலுகை எதுவும் சேர வேண்டிய நியாயமில்லை.

மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும் வானம் தெளிகிறது. வெளிநாட்டினரும் சென்னை நகரத்தாரும் கடற்கரையை நாடும் பருவம் இதுவே. ஆனால் இதே பருவத்தில்தான் மற்றொரு விருந்தினர் கூட்டம் கரையேறுகிறது. பங்குனி ஆமை என்று மீனவர் வழங்கும் சிற்றாமை, ஜனவரி முதல் ஏப்ரல் வரை இரவில் மணலேறி, பின்துடுப்புகளால் குடம் போன்ற குழி தோண்டி, நூறுக்கும் மேற்பட்ட முட்டைகளை இட்டு மூடிவிட்டுத் திரும்பும். சுமார் 45 முதல் 60 நாட்களில் பொரியும் குஞ்சுகள், இருளில் எந்தத் திசை வெளிச்சமாக இருக்கிறதோ அதையே கடலென்று கொண்டு நகர்கின்றன. இயற்கையில் கடலின் மேல்வானமே நிலப்பக்கத்தைவிட வெளிச்சமானது. கரையில் ஒரு மின்விளக்கு வரிசை எரிந்தால் கணக்குத் தவறி, குஞ்சுகள் சாலையை நோக்கி ஊர்ந்து, விடியலில் நாய்க்கும் காக்கைக்கும் இரையாகின்றன. முட்டைகளைத் தேடிக் காக்க இரவில் கரையோரம் நடந்து செல்லும் ‘ஆமை நடை’ 1970களில் சென்னைக் கரையில் தொடங்கி, 1988 முதல் மாணவர் அமைப்பு ஒன்றால் தொடரப்படுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையின் குப்பங்களில் மீனவ இளைஞர்களும் வனத்துறையோடு சேர்ந்து முட்டைகளைப் பொரிப்பகங்களுக்கு மாற்றிக் காக்கின்றனர். 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இக்கரையில் இறந்து ஒதுங்கியதற்கு இழுவைமடி வலைகள் காரணமாகக் கூறப்பட்டன. கரைவிளக்கு அத்தகைய பெருங்கேடு அன்று. ஆயினும் வண்ண விளக்குத் தோரணமும் தீமூட்டலும் கிளாம்பிங் விளம்பரத்தின் தவறாத அங்கங்கள் ஆதலால், தை முதல் சித்திரை வரை கடலைப் பார்த்து எரியும் ஒவ்வொரு விளக்கும் பொறுப்புக் கூற வேண்டியதே. ஆறடி உயரத்தில் தொங்கும் வெள்ளைக் குமிழ்களுக்குப் பதிலாக, தரையை மட்டும் நோக்கி மூடிய, மங்கிய செந்நிற விளக்கு போதும். அதுவும் கூடாரம் சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இருந்தால்.

கடற்கரையை வெற்றிடமாகக் காண்பதே இத்திட்டங்களின் மூலப்பிழை. கோவளம், நெம்மேலி, பட்டிபுலம், தேவனேரி, கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் என்று அடுத்தடுத்து அமைந்த குப்பங்களுக்கு அந்த மணல் பணிமனை. அங்கேதான் ஃபைபர் படகு ஏற்றி நிறுத்தப்படுகிறது, வலை உலர்த்தி ஓட்டை தைக்கப்படுகிறது, கருவாடு காய்கிறது. கரைவலை இழுக்கும்போது, வலையின் இரண்டு முனைக் கயிறுகளையும் இரண்டு கூட்டத்தார் கரையில் நெடுந்தொலைவு விலகி நின்று இழுத்து, மெல்ல நெருங்கி வந்து சேர்வர். இடையே வேலியோ கூடாரக் கயிறோ இருந்தால் அந்தத் தொழில் நடவாது. நீரோட்டம் அன்றைக்கு எப்பக்கம் வலையைத் தள்ளுமோ அப்பக்கமே ஆட்கள் நகர வேண்டியிருப்பதால், ‘இந்த நூறு மீட்டர் விடுதிக்கு, அந்த நூறு மீட்டர் மீனவர்க்கு’ என்று பாகம் பிரிப்பதும் இயலாது. கரையில் என்ன நடக்கலாம் என்பதை அரசாணைக்கு முன்பே ஊர்ப் பஞ்சாயத்து முடிவு செய்கிறது. அதைக் கேளாமல் நட்ட கூடாரம் நெடுநாள் நிற்பதில்லை.

மார்கழி வரை மழை, சித்திரை வரை ஆமை, வைகாசியில் துணிக்குள் நிற்கவொண்ணாத வெயில் என்றால், எஞ்சுவது ஆனி முதல் புரட்டாசி வரையான மாதங்களே. சுற்றுலா ஏடுகள் இதைப் ‘பருவமல்லாத காலம்’ என்று ஒதுக்கிவிடுகின்றன. உண்மையில் அக்காலத்தில் தென்மேற்குப் பருவக்காற்று இக்கரைக்குப் பெருமழை தருவதில்லை. பிற்பகலில் கடற்காற்று எழுந்து வெப்பத்தைத் தணிக்கும். சில மாலைகளில் இடியோடு மழை பெய்து ஓயும். அலைச்சறுக்குக்குரிய அலைகளும் அப்போதுதான் சீராக வருகின்றன. 2023 ஆகஸ்டில் பன்னாட்டு அலைச்சறுக்குப் போட்டியும், 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்கு வாகையர் போட்டியும் மாமல்லபுரத்தில் நடத்தப்பட்டது தற்செயலன்று. கோவாவில் கடற்கரைக் குடில்கள் மே இறுதியோடு பிரிக்கப்படுவது அங்கே ஜூனில் பருவமழை இறங்குவதால். அதே விதியைக் கிழக்குக் கரைக்கு அப்படியே பொருத்தினால், கூடாரம் நிற்க வேண்டிய மாதத்தில் பிரிக்கப்பட்டு, பிரிக்க வேண்டிய மாதத்தில் நிறுத்தப்படும். மேற்குக் கரையின் மழைக்காலமே இந்தியாவின் மழைக்காலம் என்ற எண்ணம் பலரிடம் ஊறிப்போயிருக்கிறது.

தண்ணீர் பற்றியும் ஒரு சொல். கடலோர மணலுக்கடியில் மழைநீர், எடை மிகுந்த உப்புநீரின் மேல் மெல்லிய படலமாகத் தங்கி நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழுள்ள உப்புநீர் மேலெழுந்து, குப்பத்துக் கிணறும் சேர்ந்தே கெடும். உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் கடற்கரை விடுதிகள் நிலத்தடி நீர் எடுக்கக் கூடாது என்ற விதி இதற்காகவே உள்ளது. கழிவுநீர்த் தொட்டியின் கசிவும் மணலில் தடையின்றி இறங்கிவிடுமாதலால், நீரின்றிக் கழிவை உரமாக்கும் உலர் கழிப்பறையே கூடாரத்துக்கு ஏற்றது. இங்கிலாந்தின் முகாம்களில் அது பரவலாக வழங்குகிறது. இங்கே விருந்தினர் அதை ஏற்கத் தயங்குவர் என்று கூறி உரிமையாளர்கள் தட்டிக்கழித்துவிடுகின்றனர். குளிர்சாதனத்தைத் துணிக்குள் வைக்க ஏற்றுக்கொண்டவர்கள் இதையும் ஏற்றுக்கொள்வர் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை.

கூடாரம் வேண்டாதவர்க்கு இக்கரையில் மற்றொரு வழியும் திறந்திருக்கிறது. கோவளத்தில் மீனவக் குடும்பங்கள் சில தம் வீட்டு மாடியிலோ பக்கத்து அறையிலோ அலைச்சறுக்குக்கு வருவோரைத் தங்கவைக்கின்றன. அதற்குப் புதிய அடித்தளமோ, புதிய ஆழ்துளைக் கிணறோ, கரையில் வேலியோ தேவைப்படுவதில்லை, வாடகையும் ஊருக்குள்ளேயே தங்குகிறது. மரக்காணத்தை ஒட்டியதாக ஆய்வாளர் பலர் கருதும் எயிற்பட்டினத்துப் பரதவர், வழிநடந்து வந்த பாணர்க்குத் தேறலும் சுட்ட குழல்மீனும் தந்ததைச் சிறுபாணாற்றுப்படை கூறுகிறது. தேறலை விட்டுவிட்டாலும், அன்றைய வலையில் விழுந்த வஞ்சிரமோ நெத்திலியோ அடுப்பிலிருந்து நேரே இலைக்கு வரும் அந்த வீட்டுச் சாப்பாட்டை, நகரத்திலிருந்து குளிர்பெட்டியில் மீன் தருவித்துப் பொரிக்கும் பல கூடார விடுதிகளால் தர இயலாது.